அடியில் தங்கிய மருந்து: 7 வயதுச் சிறுமிக்குப் பூப்பைத் தள்ளிப்போட்ட 11 மாதங்கள்

மார்பில் கட்டி என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்தார்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. அம்மா நடவு, களை, உளுந்து பிடுங்குவது என்று பருவத்துக்குப் பருவம் கிடைக்கிற வேலைக்குப் போகிறவர். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இடது பக்கம் சுண்டைக்காய் அளவில் ஏதோ கையில் தட்டியிருக்கிறது. பற்றுப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் வலது பக்கமும் வந்துவிட்டது. அப்புறம்தான் அப்பாயி, "இது கட்டி இல்லடி, புள்ள பெரியவளாகப் போறா" என்று சொல்லியிருக்கிறார். அப்போது அவளுக்கு வயது 7 வருடம் 2 மாதம்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினால் அதை முன்கூட்டிய பூப்பு என்கிறோம். மார்பு கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிற குழந்தைகளும் நிறைய உண்டு. அவர்களுக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். இவள் அந்த ரகம் இல்லை. மார்பு வளர்ச்சி டானர் அளவுகோலில் 3-ஆம் நிலை. 1969-இல் மார்ஷலும் டானரும் பெண் குழந்தைகளுக்கு வகுத்த அதே ஐந்து நிலைகளைத்தான் இன்றும் கையால் தொட்டுப் பார்த்து எழுதுகிறோம். உயரம் 124.6 செ.மீ., எடை 26 கிலோ. பள்ளியில் போன வருடம் எழுதி வைத்த உயரத்தோடு ஒப்பிட்டால் ஒரே வருடத்தில் 8 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருக்கிறாள். இந்த வயதில் 5, 6 செ.மீ. வளர்ந்தால் அது இயல்பு.

இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது 10 என்று வந்தது. குழந்தைக்கு 7, எலும்புக்கு 10. பெற்றோர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். இப்போது வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கிற பிள்ளை, பெரியவளானதும் முதல் வரிசைக்கு வந்துவிடுவாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் எலும்பை வேகமாக வளர்க்கும், அதே கையோடு வளரும் முனைகளை மூடியும் விடும். எலும்பு வயதையும் உயரத்தையும் வைத்துக் கணித்தால் கடைசி உயரம் 150-ஐ ஒட்டி வந்தது. அப்பா 167, அம்மா 153. அவர்களை வைத்துப் பார்த்தால் 153.5 வரலாம்.

ரத்தத்தில் எல்.எச். 0.9. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தை எழுப்ப அனுப்பும் ஹார்மோன் அது. காலையில் எடுக்கும் ரத்தத்தில் 0.3-ஐத் தாண்டினாலே மூளையிலிருந்து உத்தரவு போகத் தொடங்கிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். பிட்யூட்டரியைத் தூண்டும் மருந்து கொடுத்துப் பார்க்கும் தூண்டல் சோதனையில் அது 14-க்கு ஏறியது. 5-ஐத் தாண்டினால் போதும், நோய் உறுதி. ஸ்கேனில் கருப்பை 4.1 செ.மீ., உள்சவ்வும் தெரிந்தது. தைராய்டு சரியாக இருந்தது. தைராய்டு மிகவும் குறைந்தாலும் சீக்கிரம் பூப்பு வரலாம், ஆனால் அங்கே எலும்பு வயது முந்தாமல் பின்தங்கும். மூளை எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை. பெண் குழந்தைகளில் பெரும்பாலும் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. ஆண் குழந்தை என்றால் கட்டாயம் மூளைக்குள் தேட வேண்டும்.

"பிராய்லர் கோழி தின்னதாலயா டாக்டரம்மா?" இந்தக் கேள்வி வராத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பிராய்லர் கோழி சீக்கிரம் வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஹார்மோன் ஊசி போட எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. உடல் பருமனுக்கும் சீக்கிரப் பூப்புக்கும் தொடர்பு உண்டு, அதைச் சொன்னேன். ஆனால் இந்தப் பிள்ளை பருமன் இல்லை. "அப்ப கோழி போடலாமா?" என்று அப்பா கேட்டார். போடலாம் என்றேன். அன்றைக்கு அந்தக் குழந்தை சிரித்தது அந்த ஒரு முறைதான்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

மருந்து லூப்ரோலைட் டிப்போ, அதாவது உடலில் தங்கி மெதுவாக வெளிவரும் வகை. 11.25 மி.கி., 12 வாரத்துக்கு ஒரு ஊசி. மாதம் ஒரு முறை போடும் 3.75 மி.கி. ஊசியும் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் தஞ்சாவூர் வந்துபோக அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பிள்ளைக்குப் பள்ளி போகும், நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அரை நாளும் சேர்ந்து போகும். அதனால் மூன்று மாத ஊசி என்று முடிவு செய்தோம். ஒரு ஊசிக்கு அப்பாவின் மாதச் சம்பளத்தில் பாதி கரையும். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் விசித்திரமானது. பூப்பைத் தொடங்கி வைக்கும் ஹார்மோனின் நகலைக் கொடுத்தே பூப்பை நிறுத்துகிறோம். அப்பாயி விடவில்லை: "தீயில எண்ணெய ஊத்தி அணைப்பீங்களா?" நியாயமான கேள்வி. மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் இந்த ஹார்மோனைத் தொடர்ந்து சுரப்பதில்லை. விட்டு விட்டு, ஒன்றரை மணிக்கொரு தரம் போலச் சின்னத் துடிப்பாக அனுப்புகிறது. அப்படி வந்தால்தான் பிட்யூட்டரி பதில் சொல்லும். 1970-களில் எர்னஸ்ட் நோபில் குழுவினர் குரங்குகளில் காட்டியது இதைத்தான்: மணிக்கு ஒரு முறை கொடுத்தால் எல்.எச். சுரக்கிறது, நிறுத்தாமல் கொடுத்தால் அடங்கிப்போகிறது. இந்த ஹார்மோனின் கட்டமைப்பைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள ஷாலிக்கும் கில்லெமினுக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதையெல்லாம் அப்பாயியிடம் சொல்லவில்லை. "நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேணும்ல? வெறும் பாய்ச்சலா விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "வேர் அழுகிப் போகும்." "இங்க அழுகாது, ஆனா அசந்து தூங்கிடும். தண்ணிய நிறுத்துனா திரும்ப எழுந்துக்கும்." சரி என்று தலையாட்டினார்.

முதல் ஊசி ஆனி முதல் வாரத்தில். மேட்டூர் திறந்து, குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்த நேரம்.

17-ஆம் நாள்

ஜூலை தொடக்கத்தில் ஒரு காலை அம்மாவிடமிருந்து போன். உள்ளாடையில் ரத்தம். இதை எதிர்பார்க்கலாம் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். முதல் ஊசி பிட்யூட்டரியைத் தூங்க வைக்கும் முன் ஒரு உலுக்கு உலுக்கும். எல்.எச்.சும் ஈஸ்ட்ரோஜனும் சில நாள் ஏறி, பிறகு சரசரவென்று இறங்கும். கருப்பையில் ஏற்கெனவே உள்சவ்வு வளர்ந்திருந்தால் அந்த இறக்கத்தில் அது உதிரும். ஓரிரு நாளில் நின்றுவிடும், அடுத்தடுத்த ஊசிகளில் பொதுவாக வராது. சொல்லப்போனால் மருந்து பிடிக்கிறது என்பதற்கான அடையாளம்.

அம்மா பதறவில்லை. ஆனால் நான் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அப்பாயி பார்த்ததும் பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிட்டார், களிக்கு உளுந்தை எடுத்து வைத்துவிட்டார், திருப்பூரில் இருக்கும் தாய்மாமனுக்கும் சொல்லிவிட்டார். அவர் குச்சு கட்டப் பச்சை ஓலைக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

"தாய்மாமன் கும்பகோணம் தாண்டிட்டாராம் டாக்டரம்மா. இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?"

போனை அப்பாயியிடம் கொடுக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பேசினேன். இது பூப்பு இல்லை, ஊசியால் வந்தது, இன்னும் ரெண்டு நாளில் நின்றுவிடும் என்று. மாமன் வந்து பிள்ளையைப் பார்த்து, வாங்கி வந்த பட்டுப் பாவாடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஓலை மாட்டுக் கொட்டகைக்கு ஆயிற்று. அந்த மூன்று நாளில் 7 வயதுக் குழந்தை என்னவெல்லாம் கேட்டிருக்கும் என்பதுதான் என்னை உறுத்தியது. இப்போதெல்லாம் முதல் ஊசிக்கு முன்னால் வீட்டில் மூத்தவர் யாரோ அவரையும் கூட்டி வரச் சொல்கிறேன். டெல்டாவில் இந்த விஷயத்தில் முடிவெடுப்பது அம்மா இல்லை.

கண்காணிப்பு, முதல் சுற்று

இரண்டாவது ஊசி செப்டம்பரில், தஞ்சாவூரில் எங்களிடமே. மார்பு மிருதுவாகிக் கொஞ்சம் சுருங்கியிருந்தது. உயரம் 126.6. மூன்று மாத வளர்ச்சியை வைத்து வேகம் கணக்கிடுவது ஆபத்து. காலையில் அளப்பதற்கும் மாலையில் அளப்பதற்குமே ஒரு செ.மீ. வரை வித்தியாசம் வரும். ரெட்டை ஜடையைத் தூக்கி உச்சியில் கட்டியிருந்தால் இன்னொரு செ.மீ. ஆறு மாத இடைவெளி இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

ரத்தத்தை ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தோம். டிப்போ மருந்தில் உடனே வெளிவரும் சிறு பங்கு ஒன்று உண்டு, அதுவே ஒரு தூண்டல் சோதனை போல வேலை செய்யும். பிட்யூட்டரி நிஜமாகவே தூங்குகிறது என்றால் இந்தத் தட்டலுக்கு எழுந்திருக்காது. தனியாக இன்னொரு சோதனை, இன்னொரு பஸ் பயணம் மிச்சம். எல்.எச். 2.1 வந்தது. 4-க்குக் கீழே இருந்தால் அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

இடையில் உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஊரிலேயே ஒரு லேபில் சும்மா ஒரு எல்.எச். பார்த்திருக்கிறார்கள். 0.6. "0.3-க்கு மேல இருக்கே, ஊசி வேலை செய்யலயே" என்று யாரோ சொல்லி, அப்பா அந்தச் சீட்டோடு வந்தார். தூண்டாமல் எடுக்கும் எல்.எச். நோயைச் சந்தேகிக்க உதவும். சிகிச்சை பலிக்கிறதா என்று சொல்ல உதவாது. நன்றாக அடங்கியிருக்கும் குழந்தைகளிலும் அது 0.3-க்கு மேலேயே நிற்பது சாதாரணம். அந்தச் சீட்டை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

அதே மாதிரி இன்னொரு சீட்டை மூன்று மாதம் கழித்து நானே நம்பினேன்.

கார்த்திகை மழை

மூன்றாவது ஊசி நவம்பர் கடைசியில். அந்த வாரம் முழுக்க மழை, வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தன. வர முடியவில்லை என்று போன் செய்தார்கள். மருந்து அவர்கள் கையிலேயே இருந்தது. ஊர்ப்பக்கம் ஒரு கிளினிக்கில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு கடிதத்தை வாட்ஸாப்பில் அனுப்பினேன். மருந்தின் பெயர், அளவு, தசையில் போட வேண்டும், தேதி எல்லாம் எழுதியிருந்தேன். 9 நாள் தாமதமாகப் போட்டார்கள். கூடவே ஊரில் எடுத்த எல்.எச். சீட்டின் படமும் வந்தது: 0.5. உயரமும் எழுதி அனுப்பியிருந்தார்கள், பிறகுதான் தெரிந்தது அது செருப்போடும் தலையில் பூவோடும் எடுத்த உயரம் என்று. நான் சரி என்று பதில் அனுப்பிவிட்டு மாசியில் வரச் சொன்னேன்.

மார்ச் மூன்றாம் தேதி வந்தார்கள். அம்மா உளுந்து பிடுங்கும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருந்தார். பிள்ளை உள்ளே நடந்து வரும்போதே பாவாடை ஏறியிருப்பது தெரிந்தது. சுவரில் பொருத்திய அளவுகோலில் குதிகால், முதுகு, பின்தலை ஒட்டி நிற்க வைத்து, காதுத் துளையும் கண்ணின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க, மூன்று முறை அளந்தேன். 130.5. செப்டம்பரிலிருந்து 25 வாரத்தில் 3.9 செ.மீ. வருடக் கணக்கில் 8. சிகிச்சைக்கு முன் இருந்த வேகத்துக்கே வந்துவிட்டது. மார்பு மறுபடியும் கெட்டியாக இருந்தது. ஒரு மாதமாக வெள்ளை படுகிறது, எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறாள் என்றார் அம்மா.

நான்காவது ஊசியை நாங்களே போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த எல்.எச். 9.8.

இந்த எண் வந்ததும் மனது முதலில் ஓடுவது மருந்தை மாற்றலாமா, அளவைக் கூட்டலாமா, மாத ஊசிக்குப் போகலாமா என்றுதான். நானும் அப்படித்தான் யோசித்தேன். 9 நாள் தாமதம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு கெட்டியான மார்புக்கும் 8 செ.மீ. வேகத்துக்கும் 9 நாள் போதாது. அதுவும் டிசம்பர் தொடக்கத்து ஊசி சரியாகப் பிடித்திருந்தால் மார்ச்சுக்குள் மறுபடி அடங்கியிருக்க வேண்டும். நோயே வேறோ என்ற சந்தேகமும் ஒரு நிமிடம் வந்தது. சூலகக் கட்டி போல மூளைக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து ஹார்மோன் வந்தால் இந்த ஊசி வேலை செய்யாதுதான். ஆனால் அங்கே எல்.எச். ஏறாது, இறங்கித்தான் இருக்கும். ஆக, பிட்யூட்டரி விழித்திருக்கிறது. மருந்து அதைப் போய்ச் சேரவில்லை.

அம்மாவை உட்கார வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று வாசலில் நுழைந்ததிலிருந்து சொல்லச் சொன்னேன்.

டாக்டர் வெளியே போயிருந்தாராம். வருகிற நேரம்தான் என்று நர்ஸம்மா மருந்துப் பொடியில் கூட வந்த திரவத்தை விட்டுக் கலக்கி, ஊசியில் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். டாக்டர் வர அரை மணி நேரம் ஆயிற்று. பிள்ளை கத்தியது, உதறியது. ஊசி பாதியில் அடைத்துக்கொண்டது, வெளியே எடுத்து மறுபடி குத்தினார்கள்.

"கலக்குனப்ப பால் மாதிரி இருந்துச்சு டாக்டரம்மா. போடும்போது கோலமாவைத் தண்ணியில கரைச்சு வச்ச மாதிரி, மாவு எல்லாம் அடியில தங்கிப்போச்சு. மேல இருந்த தண்ணிதான் உள்ள போச்சு. மாவு ஊசியிலேயே இருந்துச்சு."

"அப்பவே சொல்லலையாம்மா?"

"அவங்க படிச்சவங்க. நான் என்ன சொல்றது?"

அதோடு விடவில்லை, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போட மனம் வராமல் காலி டப்பாவையும் மூடி போட்ட ஊசியையும் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்தார். (ஊசியை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.) குழலின் முனைப் பக்கம், கிட்டத்தட்ட கால் பங்கு உயரத்துக்கு, சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மேசையில் தட்டினேன், பொடியாக உதிர்ந்தது. அதுதான் மூன்று மாத மருந்து.

லூப்ரோலைட் டிப்போ தண்ணீரில் கரையும் மருந்து இல்லை. லாக்டிக் அமிலம் சார்ந்த பாலிமரில் செய்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்து அடைபட்டிருக்கிறது. தசைக்குள் போனபின் அந்த உருண்டைகள் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மருந்தை விடும். பாட்டிலில் நாம் கலக்குவது ஒரு மிதவைதான். சும்மா வைத்தால் சில நிமிடங்களிலேயே கீழே இறங்கும். அதனால் குழந்தையைப் படுக்க வைத்து, இடத்தைத் துடைத்து, எல்லாம் தயாரான பிறகே கலக்க வேண்டும். கலக்கியதும் போட வேண்டும். இடையில் நின்றால் மறுபடி மெதுவாக உருட்டிப் பால் நிறம் வந்ததா என்று பார்க்க வேண்டும். மெல்லிய ஊசி போட்டால் அடைக்கும் என்பதால் பெட்டியில் வரும் ஊசியையே பயன்படுத்த வேண்டும்.

அந்த நர்ஸைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தினமும் அவர் போடுவது காய்ச்சல் ஊசி, அது தெளிந்த நீர். டிப்போவை அவர் அதற்கு முன் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. எல்லாவற்றையும் எழுதிய என் கடிதத்தில் கலக்கும் முறை பற்றி ஒரு வரி இல்லை. வாட்ஸாப்பில் வந்த 0.5-ஐ நம்பி மூன்று மாதம் விட்டதும் நான்தான். செப்டம்பரில் அந்த அப்பாவிடம் நான் ஓரமாக வைக்கச் சொன்ன அதே வகைச் சீட்டு.

அதற்குப் பிறகு

மருந்தையும் மாற்றவில்லை, அளவையும் கூட்டவில்லை. மார்ச்சில் போட்ட ஊசி முழுதாகப் போயிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், அதற்கு 12 வாரம் அவகாசம் கொடுத்தோம். அக்னி நட்சத்திர வெயிலில், மே 26-இல் ஐந்தாவது ஊசிக்கு வந்தாள். உயரம் 131.8. மார்பு இளகியிருந்தது, வெள்ளைப்படுதல் நின்றிருந்தது. ஊசிக்குப் பிந்தைய எல்.எச். 2.6, அதே லேபில், அதே முறையில். லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் மாறும். வெவ்வேறு லேப் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

எலும்பு வயது 10 வருடம் 9 மாதம். 11 மாதத்தில் 9 மாதம் நகர்ந்திருக்கிறது. வீணான ஒரு காலாண்டை வைத்துக்கொண்டு இதைவிட எதிர்பார்க்க முடியாது. கடைசி உயரக் கணிப்பு 151-ஐ ஒட்டி. ஒரு செ.மீ. ஏறியிருக்கிறது என்று அப்பாவுக்குச் சந்தோஷம். இந்தக் கணிப்பே சில செ.மீ. முன்பின் தவறக்கூடியது, அதனால் நான் அந்த எண்ணைக் கொண்டாடவில்லை. எடை 30.5 கிலோ ஆகிவிட்டது. ஊசி போடுகிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று இரண்டு வேளை முட்டையும் ஹார்லிக்ஸும் போவதாக அப்பாயி பெருமையாகச் சொன்னார். முட்டை ஒன்று போதும், மாலையில் தெருவில் ஓடி விளையாட விடுங்கள் என்றேன். வைட்டமின் டி பார்த்துக் குறைந்ததால் மாத்திரை கொடுத்தோம்.

இப்போது ஊசிப் பெட்டியோடு ஒரு தாள் போகிறது. தமிழில், பெரிய எழுத்தில். முதல் வரி: "குழந்தை படுத்த பிறகு கலக்கவும்." கடைசி வரி அம்மாவுக்கு: "பால் மாதிரி இல்லையென்றால் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்." அந்த வரியைச் சொன்னது அந்த அம்மாதான், நான் எழுதினேன்.

அடுத்த ஊசி ஆகஸ்ட் 18, ஆவணி பிறந்த கையோடு. அப்பாயி தேதியைக் கேட்டுக்கொண்டு, கதவருகே போனவர் திரும்பினார்.

"எப்பதான் நிறுத்துவீங்க?"

"பதினோரு வயசு வாக்குல. நிறுத்துனதுக்கு அப்புறம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல அதுவா வரும்."

விரல் விட்டு எண்ணினார். "நாலு வருஷத்துக்கு மேல இருக்கு. அப்ப சரி, மாமங்காரன் ஒரு சீட்டுப் போட்டு எடுத்துருவான்."